வால் முளைத்த கேள்விகள்

‘வீட்டில் நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் கேட்கலாம்’ என்று ஒரு வரி போட்டோம். வந்த கடிதங்களில் சிலவற்றின் ஓரத்தில் பல் தடம் இருந்தது. கேட்டவர்களின் பெயர்களை, அவரவர் வீட்டு மானம் கருதி, ஊரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தூக்கம் தொலைத்தவர், நாகர்கோவில்
*குட்டி வந்த நாளிலிருந்து ராத்திரி முழுக்க அழுகை. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் பார்வையே சரியில்லை. என்ன செய்ய?*

முந்தின நாள் வரை அம்மாவின் வயிற்றுச் சூட்டில், கூடப் பிறந்ததுகளோடு குவியலாகக் கிடந்த ஜீவன். அதை வராந்தாவில் ஒரு கோணிப்பையோடு விட்டுவிட்டு ‘ஏன் அழுகிறது’ என்கிறீர்கள். முதல் வாரம் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில், ஓர் அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். நீங்கள் உடுத்திய பழைய லுங்கியோ புடவையோ உள்ளே கிடக்கட்டும். பிறகு தினமும் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அது நிரந்தரமாகப் படுக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

அழும்போது போய்ப் பார்த்தால் கெட்டுப்போகும் என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். இரண்டு மாதக் குட்டி நடுராத்திரியில் அழுதால் பெரும்பாலும் மூத்திரம் முட்டுகிறது என்று அர்த்தம். தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், போகவிடுங்கள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பப் படுக்க வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கொஞ்சி விளையாடினால் நாளைக்கும் அதே இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பகலில் குட்டியை எடுத்துப்போய்க் காட்டுங்கள். காதைக் கடிக்க விட்டால் இன்னும் நல்லது.

இல்லத்தரசி, பெரம்பூர்
*வெளியே அரை மணி நேரம் சுற்றிக்காட்டினாலும் ஒன்றும் போகாது. வீட்டுக்குள் கால் வைத்ததும் பாய் மேலேயே போகிறது. வேண்டுமென்றே செய்கிறதா?*

வேண்டுமென்றுதான். உங்களைப் பழிவாங்க வேண்டுமென்று இல்லை. மெத்தென்று ஈரம் உறிஞ்சும் இடம் வேண்டுமென்று. வெளியே கோழி, ஸ்கூட்டர், குப்பை, எதிர்வீட்டுப் பூனை என்று ஆயிரம் வேடிக்கை. வந்த வேலை மறந்துபோகிறது. உள்ளே வந்ததும் ஞாபகம் வருகிறது.

சுற்றிக் காட்டாதீர்கள். ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய் மரம் மாதிரி நில்லுங்கள். பேச்சு, கொஞ்சல் எதுவும் கூடாது. ஐந்து பத்து நிமிடத்தில் போகவில்லையென்றால் உள்ளே வந்து, மடியிலோ பெட்டியிலோ வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். போய் முடித்த அந்தக் கணமே, அங்கேயே, ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தால், ஃபிரிட்ஜ் திறந்ததற்குப் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும்.

பலரும் செய்யும் ஒரு காரியம், குட்டி போய் முடித்ததும் ‘அப்பாடா’ என்று உடனே உள்ளே தூக்கிவந்துவிடுவது. ‘மூத்திரம் போனால் ஆட்டம் முடிந்தது’ என்று குட்டி இரண்டே நாளில் கணக்குப் போட்டுவிடும். அப்புறம் அடக்கிக்கொண்டே வேடிக்கை பார்க்கும். போன பிறகு ஐந்து நிமிடம் விளையாட விடுங்கள். மூத்திரம்தான் விளையாட்டுக்கு டிக்கெட் என்றாகட்டும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள்ளும், விளையாடி முடித்ததும் கட்டாயம் வெளியே. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்று கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது பொதுக்கணக்கு. பகலில் அதையும் நம்பாதீர்கள். சின்னக் குட்டிக்கு மணிக்கு ஒரு தடவை நல்லது. பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுங்கள். போன இடத்தைப் பினாயிலால் துடைத்தால் உங்கள் மூக்குக்குத்தான் மூத்திர வாடை மறையும். குட்டியின் மூக்குக்கு மறையாது. அதோடு, அது நக்கும் தரையில் பினாயில் ஆபத்து. செல்லப்பிராணிக் கடையில் இதற்கென்றே என்சைம் திரவம் விற்கிறார்கள். அவசரத்துக்கு வினிகர் கலந்த தண்ணீர்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி
*அசிங்கம் பண்ணிய இடத்தில் மூக்கைத் தேய்த்து ஒரு தட்டுத் தட்டினால் புத்தி வராதா? செய்த தப்பு அதற்குத் தெரிகிறது சார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே!*

வராது ஐயா. அரை மணி நேரத்துக்கு முன் போன மூத்திரத்துக்கும் இப்போது விழும் அடிக்கும் முடிச்சுப் போட அதற்குத் தெரியாது. ‘சாருக்குச் சில சமயம் பைத்தியம் பிடிக்கிறது’ என்று மட்டும் புரியும். பிறகு உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போய் முடித்துக்கொள்ளும்.

அந்தக் குற்றவாளி முகத்தைப் பற்றி நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு சோதனை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போவார். சில நாய்கள் தின்னும், சில தின்னாது. உரிமையாளரிடம் சில சமயம் உண்மையையும் சில சமயம் பொய்யையும் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். ‘பாவ முகம்’ வந்தது தின்ற நாய்களுக்கு இல்லை. திட்டு வாங்கிய நாய்களுக்கு. தின்னாமலே திட்டு வாங்கியவையும் அதே முகத்தைத்தான் காட்டின. முப்பது வருஷம் வகுப்பெடுத்தவருக்கு இந்த முகம் பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

சிக்கனக்காரர், கரூர்
*செய்தித்தாள் விரித்துப் பழக்கலாமா? எந்தப் பத்திரிகை நல்லது?*

மாடி வீட்டுக்காரர்களுக்கு வேறு வழியில்லாத நாள்களில் பழக்கலாம். பிறகு தாளை வாசல் பக்கமாக நகர்த்திக்கொண்டே போய் வெளியே முடித்துவிடுங்கள். நம் பத்திரிகையையும் விரிக்கலாம். படித்துவிட்டு.

கை முழுக்கக் கீறல், கோபிசெட்டிபாளையம்
*என் குட்டிக்கு மூன்று மாதம். கை, கால், வேட்டி நுனி, பேத்தியின் பாவாடை எதையும் விடாமல் கடிக்கிறது. இது வெறி நாயாகிவிடுமோ?*

ஆகாது. அதற்குக் கை கிடையாது; உலகத்தை வாயால்தான் தொட்டுப் பார்க்கிறது. 28 பால்பல், ஊசி மாதிரி. மூன்றரை, நான்கு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அந்த இடைக்காலத்தில் ஈறு நமைச்சல் தாங்காது. துணியை நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுங்கள். அல்லது குளிர்ந்த முழுக் கேரட். அது கடிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

(ரத்தம் வந்திருந்தால் முதலில் கீழே ஓசூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.) கையைக் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அது ஓடிப்பிடிக்கும் விளையாட்டு. விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். அரை நிமிடம் முகம் கொடுக்காதீர்கள். பிறகு வந்து பொம்மையை நீட்டுங்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு வெறி பிடித்த மாதிரி கடித்தால் அது பெரும்பாலும் தூக்கக் கலக்கம். குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வேண்டும். உங்கள் வீட்டில் பேரன் பேத்திகள் மாறி மாறித் தூக்கினால் அது எங்கே தூங்கும்? பேத்தியின் பாவாடைக்கு ஒரு யோசனை: ஓடக்கூடாது, கத்தக்கூடாது. குட்டியைவிடப் பேத்திக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம்.

மாமியார், கும்பகோணம்
*வாசலில் கழற்றிப்போட்ட செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் குதறிவிடுகிறது. பழைய செருப்பு ஒன்றைக் கொடுத்து ‘இது உனக்கு’ என்று பழக்கினேன். கேட்கவில்லை.*

பழைய செருப்பு எது, உங்கள் சம்பந்தியின் புதுச் செருப்பு எது என்று பிரித்துப் பார்க்க அது கடைக்காரர் இல்லை. தோலில் கால் வியர்வை வாசனை அடித்தால் எல்லாம் ஒன்றே. செருப்பைக் கொடுத்துச் செருப்பைக் கடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்; அது நல்ல மாணவன். செருப்பு அலமாரிக்குக் கதவு போடுங்கள்.

பொறுமை இழந்தவர், அம்பத்தூர்
*அப்பா ‘உட்காரு’ என்கிறார். அம்மா ‘கீழ உக்காரு செல்லம்’ என்கிறார். நான் ‘சிட்’ என்கிறேன். தங்கை ‘சிட் சிட் சிட்’ என்கிறாள். குட்டி நின்றுகொண்டே இருக்கிறது.*

நிற்காமல் என்ன செய்யும்? நாலு பேர் நாலு சட்டம் போட்டால் குடிமகன் அப்படித்தான் நிற்பான். எந்த வார்த்தை என்று இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் முடிவு செய்யுங்கள். ‘சிட்’, ‘கம்’ என்று இங்கிலீஷில் அதட்டினால்தான் நாய் கேட்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘இரு’, ‘வா’, ‘படு’ மூன்றும் கச்சிதமாகவே வேலை செய்யும்.

முதலில் வார்த்தையே வேண்டாம். ட்ரீட்டை விரல் நுனியில் பிடித்து அதன் மூக்கருகே வைத்து, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கம் கொண்டுபோங்கள். மூக்கு மேலே போக, பின்பக்கம் தானாகத் தரையில் உட்காரும். உட்கார்ந்த நொடியில் கொடுங்கள். கை அசைவுக்குச் சரியாக உட்கார ஆரம்பித்த பிறகு வார்த்தையைச் சேருங்கள். ஒரே முறை சொல்லுங்கள். தங்கையிடம் சொல்லுங்கள்: மூன்று தடவை சொன்னால் குட்டிக்கு வார்த்தை ‘சிட்’ இல்லை, ‘சிட்சிட்சிட்’. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். கொட்டாவி விட்டால் வகுப்பு முடிந்தது.

உளவியல் மாணவி, திருச்சி
*பாவ்லோவ் மாதிரி மணி அடித்துப் பழக்கலாமா?*

பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு வாங்கியது செரிமான ஆராய்ச்சிக்காக. சத்தம் கேட்டதுமே சாப்பாடு வரும் என்று எச்சில் ஒழுக்கிய நாய்கள் அந்த வழியில் கிடைத்த புகழ். உங்கள் வீட்டில் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அழைப்பு மணி அடிக்கிறது, யாரோ வருகிறார்கள், எல்லாரும் வாசலுக்கு ஓடுகிறீர்கள். பத்து தடவையில் மணி என்றால் கலாட்டா என்று குட்டி பாடம் படித்துவிடுகிறது. அதையே திருப்பிப்போடுங்கள். வீட்டில் ஒருவர் சும்மா மணி அடிக்கட்டும். நீங்கள் குட்டியின் பாயில் ஒரு ட்ரீட் போடுங்கள். யாரும் வாசலுக்குப் போகக்கூடாது. நாளுக்கு நாலைந்து முறை இப்படிச் செய்தால், மணி அடித்ததும் அது பாய்க்கு ஓடும். கூரியர்காரர் உங்களை வாழ்த்துவார்.

வாசல்காரர், தென்காசி
*வருகிறவர்கள் மேலெல்லாம் தாவுகிறது. அதட்டினாலும் கேட்கவில்லை.*

தாவும்போது தள்ளுவது, அதட்டுவது, முட்டியால் தடுப்பது எல்லாம் அதற்குக் கவனிப்புதான். நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக்கொடுங்கள். தாவினால் முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். குட்டி ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். விருந்தாளிகள்தான் கற்றுக்கொள்ள மாட்டார்கள். ‘பரவாயில்லை சார், நமக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும்’ என்று குனிந்து கொஞ்சுகிற ஒரு ஆள், நீங்கள் ஒரு வாரம் கட்டியதை ஒரு நிமிடத்தில் இடித்துவிடுவார். அவருக்குக் காபி கொடுத்து உட்கார வையுங்கள். கையில் டம்ளர் இருந்தால் குனிய மாட்டார்.

ராஜபாளையம் வளர்ப்பவர், சாத்தூர்
*நல்ல வெள்ளை நிறம், ரோஜா மூக்கு, அசல் ஜாதி. ஆனால் எத்தனை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. திமிரா?*

திமிர் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஒரு சோதனை. அது தூங்கும்போது, காற்றோ நிழலோ படாத தூரத்தில், பின்பக்கம் நின்று ஒரு தட்டைத் தட்டுங்கள். காது அசையவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு; ராஜபாளையத்தில் இது தெரிந்த பிரச்சினை. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒலியை உணரும் செல்கள் பிழைப்பதில்லை.

செவிடாகவே இருந்தாலும் பயிற்சிக்குத் தடையில்லை. நாய்களுக்கு வார்த்தையைவிடக் கைச்சாடை சுலபமாகப் பிடிபடும். தபால்தலையில் ஏறிய ஜாதி அது (2005இல் அஞ்சல்துறை வெளியிட்டது). அந்த ஜாதி நலமாக இருக்க, ‘நிறம் அசல்’ என்று வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் கொஞ்சம் யோசித்தால் நல்லது.

பயந்த தாய், மறைமலைநகர்
*தடுப்பூசி எல்லாம் முடியும் வரை வெளியே விடக்கூடாது என்கிறார்கள். நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் எல்லாரையும் பார்த்துக் குரைக்கிறதே?*

இரண்டு பக்கமும் உண்மை. நடுவில்தான் நடக்க வேண்டும். பார்வோ என்ற நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிடுவது சூதாட்டம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி என்பது வழக்கமான வரிசை. ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயப்படாமல் பழகும் பருவமும் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்காக ஊசி காத்திருக்காது, ஊசிக்காக அதுவும் காத்திருக்காது.

ஆகவே தூக்கிக்கொண்டு போங்கள். காய்கறிக் கூடையில், ஸ்கூட்டர் முன்னால், தோளில். தலைப்பா கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றியவர், பர்தா அணிந்தவர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் எல்லாரையும் தூரத்தில் இருந்து பார்க்கட்டும். பார்க்கும்போதெல்லாம் வாயில் ஒரு துண்டு. வீட்டில் குக்கர் விசிலும் மிக்ஸியும் தூரத்து அறையில் இருந்து தொடங்கட்டும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே கைபேசியில் பட்டாசுச் சத்தத்தை மிக மெல்லிசாக வைத்து, அது சாப்பிடும் நேரத்தில் ஓட விடுங்கள். காது விறைத்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். தீபாவளி அன்று காலையில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பாட்டி, மயிலாடுதுறை
*நாம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மனசு கேட்காமல் கொஞ்சம் பாயசம், கொஞ்சம் சாம்பார் சாதம் போடுகிறேன். தப்பா?*

மனசு தங்கம், பாயசம் விஷம். அதில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாம்பாரில் சின்ன வெங்காயம், ரசத்தில் பூண்டு. இரண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட் கூடவே கூடாது. தாளிக்காத தயிர் சாதம், வேகவைத்த முட்டை, உப்பில்லாமல் வேகவைத்த கோழி கொடுங்கள் பாட்டி. இலையிலிருந்து போடாதீர்கள், அதன் தட்டில், அதன் நேரத்தில். இலையிலிருந்து ஒரு வாய் போட்டால் அப்புறம் ஆயுசு முழுக்க உங்கள் பக்கத்தில் பந்தி.

தகப்பனார், ஓசூர்
*இரண்டரை மாதக் குட்டி விளையாட்டில் பையன் கையைக் கீறிவிட்டது, லேசாக ரத்தம். குட்டிதானே, மஞ்சள் வைத்தால் போதுமா?*

போதாது. இந்தப் பதிலில் வேடிக்கை கிடையாது. குட்டிக்கும் ரேபிஸ் இருக்கலாம். அதற்கு இன்னும் ஊசி போடும் வயதே வரவில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். நோய் வந்துவிட்டால் மருந்தில்லை.

மலிவு தேடி, சேலம்
*ஒரு மாதக் குட்டி பாதி விலைக்குத் தருகிறார்கள். சின்ன வயதிலேயே வாங்கினால் நம்மோடு ஒட்டிக்கொள்ளுமாமே?*

எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கவே கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் வருட நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. கடிக்கும் வேகத்தை அடக்கக் கற்பது அம்மாவிடமும் கூடப்பிறந்தவர்களிடமும்தான். அந்தப் பாடத்தைத் தவறவிட்ட குட்டி ஒட்டிக்கொள்ளும், வாஸ்தவம். பல்லால்.

ஆன்மிக அன்பர், திருவண்ணாமலை
*தருமரின் நாய் கயிறு இல்லாமலே சொர்க்க வாசல் வரை கூடவே போனதே. என் நாய்க்கு மட்டும் கயிறு எதற்கு?*

அந்த வழியில் டவுன் பஸ் இல்லை. மேலும் அது தருமதேவதை. உங்களுடையது அப்படி இல்லை என்று உங்கள் கடிதத்தின் கிழிந்த ஓரம் சொல்கிறது. கயிறு இறுகினால் நீங்கள் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

குடியிருப்போர் சங்கத் துணைத்தலைவர், வேளச்சேரி
*எங்கள் அடுக்ககத்தில் நாய்க்குத் தடை என்று தீர்மானம் போடலாமா?*

போடலாம், செல்லாது. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி, நெடுங்காலம் சென்னையிலேயே இயங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம் இதைப் பற்றி 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் தடை போட முடியாது. அதே மூச்சில் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: லிஃப்டில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், மலத்தை நீங்களே எடுங்கள், மாநகராட்சி உரிமம் வாங்குங்கள். சங்கத்தில் தீர்மானம் போடத் தோன்றியதே யாரோ ஒருவர் மிதித்த பிறகுதான்.

பழமொழிப் பிரியர், விருதுநகர்
*நாய் வாலை நிமிர்த்த முடியுமா?*

எதற்கு?

காவல் வேண்டுபவர், தாராபுரம்
*தோட்டத்துக் காவலுக்குத்தான் வளர்க்கிறேன். குட்டியிலிருந்தே சங்கிலியில் கட்டி, யாருடனும் பழகவிடாமல் வைத்தால் நல்ல கோபம் வரும் என்கிறார்களே?*

கோபம் வரும். யார் மேல் என்பதை அதுதான் முடிவு செய்யும். பால்காரர், பேரன், ஒரு நாள் நீங்கள். ஊரோடு பழகிய நாய்க்குத்தான் ஊருக்குப் புதுசு யார் என்று தெரியும். கட்டிவைத்தே வளர்ந்தது எல்லாரையும் பார்த்துக் குரைக்கும்; எல்லாரையும் பார்த்துக் குரைத்தால் திருடன் வரும் அன்றைக்கு நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள்.

வசதியானவர், கோவை
*பயிற்சி மையத்தில் ஒரு மாதம் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். திரும்பி வரும்போது எல்லாம் கற்றுக்கொண்டு வருமா?*

வரும். அங்கே இருப்பவருக்குக் கீழ்ப்படியும். உங்கள் வீட்டில் மேஜையிலிருந்து வடை போடுகிற மாமா, தாவினால் சிரிக்கிற அக்கா, ‘இன்னைக்கு ஒரு நாள்தானே’ என்று சோபாவில் ஏற்றுகிற நீங்கள் எல்லாரும் அப்படியே இருப்பீர்கள். பத்து நாளில் குட்டியும் அப்படியே ஆகும். மையத்துக்குப் போவதானால் குடும்பத்தோடு போங்கள். வாரம் ஒரு மணி நேரம், உங்களையும் சேர்த்துப் பழக்குகிற ஆளாகப் பாருங்கள். அடித்துப் பழக்குகிறவர் என்று தெரிந்தால் வாசலோடு திரும்புங்கள். குட்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லி, நடுவில் பார்க்கவும் விடாத இடம் என்றாலும் அதே.

பெற்றோர், சோழிங்கநல்லூர்
*நாங்கள் இருவரும் ஐ.டி. வேலை. காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டு. ஏழாவது படிக்கும் பையன் நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கிறான். வாங்கலாமா?*

வேண்டாம். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளைச் சாப்பாடு. மணிக்கு ஒரு முறை வெளியே போக ஆள். அதைப் பன்னிரண்டு மணி நேரம் பூட்டிய ஃபிளாட்டில் விட்டால் குரைப்பதைச் சங்கமும், குதறுவதைச் சோபாவும் அனுபவிக்கும். அது பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இருக்கும். பையன் வேலைக்குப் போன பிறகும்.

அவனிடம் ஒரு வெறும் கயிற்றைக் கொடுங்கள். நாய் இல்லாமலே, தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து, அதைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் தெருவைச் சுற்றி வரட்டும். ஒரு மாதம், மழையிலும், பரீட்சை நாளிலும். ஒரு நாள்கூடத் தவறாமல் போனானென்றால், பகலில் வீட்டில் இருக்க ஒரு ஆளுக்கும் வழி செய்துகொண்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது கடையில் விற்கும் குட்டியைப் பற்றிப் பேச மாட்டோம். தத்துக்குக் காத்திருக்கும், இரண்டு வயதான ஒரு நாட்டு நாயைப் பற்றிப் பேசுவோம்.